ஞாயிறு நாலு மணி வரை

ஏழாவது பொத்தான் காஜாவில் நூல் சிக்கிக்கொண்டது. எமல்டா ஊசியைப் பின்னால் இழுத்தாள், வரவில்லை. முன்னால் இழுத்தாள், முடிச்சு இன்னும் இறுகியது. தேன்மெழுகு தடவிய லினன் நூல், நாம் கோபப்பட்டால் அதுவும் கோபப்படும், ஊசிமுனையால் மெல்ல நெம்பிக்கொடுத்தால் தானாக நெகிழும், வார்டில் வயசானவர்களின் கையிலிருந்து பிளாஸ்டரை உரிக்கிற மாதிரி, காகிதம் போன்ற தோல், ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால், ஆயிற்று, வந்துவிட்டது. பதினொரு காஜாவில் இன்னும் நாலரை. மேசையின் அந்தக் கோடியில் தையல் மெஷின் உறை போட்டபடி இருந்தது. அதில் என்றால் பதினொன்றையும் பத்து நிமிஷத்தில் அடித்துத் தள்ளியிருக்கலாம். ஆனால் வெளியே தெரிகிற தையல் ஒவ்வொன்றும் கையால் போட்டதாக இருக்கவேண்டும் என்பது முகாமின் சட்டம். ஜிப் கூடாது, பிளாஸ்டிக் பொத்தான் கூடாது, கைக்கடிகாரம் கூடாது, ஆயிரத்து எழுநூற்று இருபதாம் வருஷத்தில் இல்லாத எதுவும் கண்ணில் படக் கூடாது. வருஷா வருஷம் ஆகஸ்டில் இந்த ஊர்க்காரர்கள் சிலர், பல் டாக்டரின் வரவேற்பறையில் வேலை பார்க்கும் ஹேசல், ஒரு கணக்கு வாத்தியார், இரண்டு தபால்காரர்கள், இன்னும் யார் யாரோ, கடற்கரைக்கு மேலே இருக்கும் புல்வெளியில் கித்தான் கூடாரம் அடித்து மூன்று நாள் அந்தக் காலத்துக் கடல்கொள்ளைக்காரர்களாக வாழ்கிறார்கள். விறகில் சமைக்கிறார்கள், வைக்கோல் மெத்தையில் படுக்கிறார்கள், ஒரு கப்பலைப் பிடிக்கிறார்கள், வேடிக்கை பார்க்க ஊரே திரண்டு போகிறது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு நர்ஸ் வேலைக்கு வந்து ஆறு வருஷமாயிற்று, எமல்டா ஒருமுறைகூட அந்தப் புல்வெளிப் பக்கம் போனதில்லை. இந்த வருஷம் அவள் புருஷன் தனிஸ்லாஸ் போகிறார். நாளைச் சாயங்காலம் ஆறு மணிக்கு. அவருக்குத்தான் இந்த நீலக் கம்பளிக் கோட்டு, கொம்புப் பொத்தான் வைத்தது. நிஜக் கடல்கொள்ளைக்காரர்கள் எட்டு மாசம் பிடித்து வைத்திருந்த மனுஷனுக்கு.

ஏப்ரலில் சொன்னார். அவள் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள், அவர் பின்னால் வந்து நின்று, "எமல்டா, ஹேசல் கூப்பிடுதாங்க அந்த முகாமுக்கு. உடுப்பு வேணுமாம். தச்சுத் தருவியா?" என்றார். கேட்டு வாங்குகிற மனுஷனே இல்லை. சோற்றில் உப்பு இல்லையென்றால்கூட அப்படியே சாப்பிட்டு எழுந்துபோகிறவர். அவளுக்குக் கத்தி நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டிருக்கவேண்டும், அந்த நிமிஷத்திலேயே கேட்டிருக்கவேண்டும், ஏங்க, அது நெருப்பாச்சே, அதப் போயி ஏன் தொடுதிய என்று. ஆனால் வாயில் வந்தது, "அளவு எடுக்கணும், நில்லுங்க." நின்றார், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, சொன்னபடி கேட்கிற பிள்ளை மாதிரி. நெஞ்சு முப்பத்தெட்டு. திரும்பி வந்தபோது முப்பத்தொன்று. யாரும் டேப் வைத்து அளக்கவில்லை, அவள்தான் அந்த முதல் வாரத்தில் அவர் தூங்கும்போது கையாலேயே அளந்து பார்த்தாள், ஒரு சாண், இரண்டு சாண், மூன்று சாண், மேலே நாலு விரல், விலா எலும்புகளில் விரல் ஏறி இறங்கிற்று. அவர் விழித்துக்கொண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தார், அப்படி ஒரு பிடி, பிறகு யாரென்று தெரிந்து விட்டுவிட்டார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எதைப் பற்றித்தான் பேசினார்கள். பதின்மூன்று வருஷமாக அந்த எட்டு மாசம் அவர்கள் வீட்டுக்குள் ஒரு பெரிய அலமாரி மாதிரி நின்றுகொண்டிருக்கிறது, தூத்துக்குடியிலிருந்து கடல்தாண்டி இங்கேயும் கூடவே வந்துவிட்டது, இருவரும் அதில் இடித்துக்கொள்ளாமல் சுற்றிப்போகக் கற்றுக்கொண்டார்கள், இருட்டில்கூட.

எட்டாவது காஜா. வெட்டின விளிம்பு பிரியாமல் முதலில் சுற்றிலும் ஓர் ஓட்டம், அப்புறம் நெருக்கமாகக் கண்ணி கண்ணியாக. வீடு முழுக்கத் தேயிலை வாசம். சட்டை புதுசாக வெள்ளையாக இருக்கக்கூடாது என்று ஹேசல் சொல்லியிருந்தாள், அதனால் ஒரு வாளித் தேயிலைத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, இன்று காலையில் பின்பக்கக் கொடியில் காயப்போட்டிருந்தாள். ஜன்னல் வழியே தெரிகிறது, இரண்டு கையும் விரிந்து, காற்றில் வயிறு உப்பி, அப்புறம் சப்பென்று ஒட்டி, பார்க்காதே, பார்க்காமல் தை. பழுப்பு ஏறின சட்டை. வந்து இறங்கினபோது அவர் போட்டிருந்தது புதுச் சட்டை, கம்பெனிக்காரன் வாங்கிக்கொடுத்தது, மடிப்புகூடக் கலையவில்லை, கழுத்தில் இரண்டு விரல் போகிற இடைவெளி. அதற்கு முன் எட்டு மாசம் என்ன போட்டிருந்தார், யாருக்குத் தெரியும். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை பிடித்தார்கள். எண்ணெய்க் கப்பல், இருபத்திரண்டு பேர், அவர் போசன், அதாவது மாலுமிகளுக்கெல்லாம் மேலாள். சோமாலியக் கரைக்குக் கொண்டுபோய் நங்கூரம் போட்டு வைத்துவிட்டார்கள் என்று டி.வி.யில் சொன்னான், ஒரு வாரம் சொன்னான், அப்புறம் கிரிக்கெட் வந்துவிட்டது. மகள் ஆன்சிக்கு அப்போது ஒன்பது வயசு. அப்பா கப்பல் ஏன் நகரவே மாட்டேங்குது என்று கேட்பாள். நகரும், நகரும் என்பாள் எமல்டா, வார்டுக்குப் போவாள், ஊசி போடுவாள், வருவாள். ஒரே ஒரு தடவை பேசவிட்டார்கள், மே மாசம். மத்தியானம், அவள் சோற்றில் கை வைத்திருந்தாள், ஊளி மீன் குழம்பு, இடது கையால் போனை எடுத்தால், "எமல்டா, சாப்ட்டியா?" என்று கேட்டது அந்தக் குரல். பின்னால் யாரோ தெரியாத பாஷையில் கத்துகிறான், எதுவோ இரும்பில் மோதுகிறது. அழுது கெஞ்சவேண்டும் என்பதற்காகத்தான் போனைக் கையில் கொடுப்பார்களாம், வீட்டுக்காரர்கள் போய்க் கம்பெனியின் கழுத்தைப் பிடிக்கவேண்டும் என்பதற்காக. அவர் கெஞ்சவில்லை. சாப்ட்டியா என்று கேட்டார். அவளும், வேறு ஒன்றும் தோன்றாமல், "ம், சாப்பிடுதேன்" என்றாள். அவ்வளவுதான், அறுந்துவிட்டது. எட்டு மாசத்தில் அவள் அவரிடம் சொன்ன ஒரே சொல், சாப்பிடுதேன். அங்கே அவருக்கு அன்றைக்குச் சோறு இருந்ததோ இல்லையோ. அன்றைக்குப் பிறகு ஊளி மீன் வாங்குவதில்லை, அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

அதுகூடப் பரவாயில்லை, அதை நினைக்கலாம். நினைக்கக்கூடாதது வேறே இருக்கிறது, அந்த வருஷம் ஆகஸ்டில் நடந்தது, அதன் பக்கத்தில் மனசு போனதும் எமல்டா எப்போதும் ஏதாவது வேலையைக் கையில் எடுத்துக்கொள்வாள், இப்போதும் கோட்டை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள், மூட்டை கட்டவேண்டுமே, எவ்வளவு கிடக்கிறது. கம்பளிக் குல்லா. கழுத்தில் கட்டக் கட்டம் போட்ட துணி. முழங்காலுக்குக் கீழே முடிகிற தொளதொளத்த கித்தான் கால்சட்டை, அதை அவரே தைத்தார், கித்தானைத் தைக்கத் தெரிந்த கை, உள்ளங்கையில் தோல்பட்டை மாட்டிக்கொண்டு ஊசியைத் தள்ளுகிற கை. மரக் கிண்ணம், மரக் கரண்டி. இரும்புச் சட்டி. தோல் பை ஒன்று, ஹேசல் இரவல் கொடுத்தது, அதற்குள் என்ன வைக்கிறார் என்று திறந்து பார்த்தாள், உளவு பார்க்க அல்ல, சோப்பை வைக்கலாமா என்று. ஜெபமாலை இருந்தது. மடித்த தாள் ஒன்று இருந்தது. விரித்தாள். முகாமுக்கு வருகிறவர்களின் பெயரும் வேஷமும். கணக்கு வாத்தியார் கேப்டன். ஹேசல் பீரங்கிக்காரி. ஆறாவது பெயர் ஸ்டான், இங்கே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், ஸ்டான், அதற்கு நேரே: பிடிபட்ட கப்பலின் போசன். கைதி.

தாளைத் திரும்ப வைத்துவிட்டாள். சோப்பையும் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். கொள்ளைக்காரனாகப் போகிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள், அதற்காவது ஒரு கணக்கு இருந்தது, சரி, அவர்கள் கையில் இருந்ததை இவர் ஒருதரம் கையில் வைத்துப் பார்க்கட்டும், மரத்துப்பாக்கியோ என்னவோ, ஆண்பிள்ளைக்கு அப்படி ஒன்று இருக்கும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்து ஒவ்வொரு காஜாவாகப் போட்டுக்கொண்டிருந்தாள். கைதியா. மறுபடியுமா. கையைக் கட்டுவார்களா, மண்டியிடச் சொல்வார்களா, வேடிக்கை பார்க்கிறவர்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டே கைதட்டுவார்களா, அந்தக் கோட்டைத்தான் நான் தைக்கிறேனா. வார்டில் பார்த்திருக்கிறாள், ஆறிக்கொண்டு வருகிற புண்ணை ராத்திரியானால் கட்டை அவிழ்த்து விரலால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற நோயாளிகளை, கையில் உறை மாட்டிவிட்டாலும் பல்லால் அவிழ்ப்பார்கள். மணி இரண்டு அடிக்கப் பத்து நிமிஷம். ஒரு மணிக்கு அவருக்கு வேலை முடியும், சூப்பர் மார்க்கெட்டின் கிடங்கில், பஸ் பிடித்து ஒன்று நாற்பதுக்கு வந்துவிடுவார், ஒன்று நாற்பது என்றால் ஒன்று நாற்பது, கதவு திறக்கும், சாவியைக் கிண்ணத்தில் போடுவார். பஸ் தாமதம். சரி. கோட்டை எடுத்தாள். ஒன்பதாவது காஜா. இரண்டு மணி. இரண்டு பத்து. போன் போட்டாள், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. மறுபடி போட்டாள். அணைத்து வைக்கிற ஆள் இல்லை, பதின்மூன்று வருஷத்தில் ஒருநாளும் அணைத்ததில்லை, அது பேச்சில் வராத ஒப்பந்தம். இரண்டு இருபது. ஊசி விரலில் ஏறியது, கம்பளியில் ஒரு பொட்டு ரத்தம், நீலத்தில் தெரியாது, எச்சில் தொட்டுத் துடைத்தாள். அந்தப் பழைய பயம் வந்து உட்கார்ந்தது. எவ்வளவு லேசாக வருகிறது, சொந்த வீட்டுக்குள் வருகிற மாதிரி, செருப்பைக்கூடக் கழற்றாமல். பஸ் கவிழ்ந்திருக்கும். நெஞ்சு வலி வந்திருக்கும். அவளுடைய ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்திருப்பார்கள், அவளுக்கு இன்று லீவு என்று யாருக்கும் நினைவிராது. இல்லை, ஒன்றுமில்லை, நாற்பது நிமிஷம், நாற்பது நிமிஷமெல்லாம் ஒரு தாமதமா, எட்டு மாசம் காத்தவளுக்கு. ஆனால் அந்த எட்டு மாசத்தின் முதல் நாளும் நாற்பது நிமிஷமாகத்தான் இருந்தது. கப்பலிலிருந்து போன் வரவேண்டிய நேரம் நாற்பது நிமிஷம் தள்ளிப்போயிற்று, நெட்வொர்க் இல்லை போல என்று அவள் இட்லிக்கு ஊறப்போட்டாள்.

இரண்டு ஐம்பதுக்குக் கதவு திறந்தது. தனிஸ்லாஸ் ஒரு பெரிய வைக்கோல் கட்டைத் தோளில் சுமந்துகொண்டு பக்கவாட்டில் நுழைந்தார், காலர் முழுக்க வைக்கோல், முகத்தில் ஒரு சிரிப்பு.

"பண்ணையில போயி வாங்கிட்டு வாறேன். மெத்தைக்கு. வாசத்தப் பாரு எமல்டா."

"போன் என்னாச்சு?"

"ஹேசல் சொன்னாங்க, மூணு நாள் போன் இல்லாம இருக்கணும்ல, இன்னைக்கே பழகிப் பாப்போம்னு..."

"பழகிப் பாத்தியளோ?" அவள் குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "நான் இங்ஙன உக்காந்து எதப் பழகுததுக்கு? எனக்குத்தான் எல்லாம் பழகிப்போச்சே! இன்னும் எத்தன தடவ பழகணும் நான்?"

அவர் வைக்கோலைச் சத்தமில்லாமல் தரையில் இறக்கினார். சிரிப்பு போய்விட்டது. "தப்புதான்," என்றார். "யோசிக்கல. தப்பு."

"அந்தப் பையில இருந்த தாளப் பாத்தேன். கைதியாம்ல. கையக் கட்டிக் கூட்டிட்டுப் போவானுவளாம்ல. ஏங்க, ஒருக்க பட்டது போதாதா? அதுக்கு நான் உக்காந்து காஜா எடுக்கணுமா?"

அவர் வைக்கோலை ஓரமாகத் தள்ளினார். போய்த் தோல் பையைத் திறந்து தாளை எடுத்துக்கொண்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். "முழுசாப் படிச்சியா?"

"கைதின்னு போட்டிருக்கு. அதுக்குமேல என்ன படிக்க?"

"பின்னால திருப்பு."

பின்பக்கம் நேர அட்டவணை. வெள்ளி ஆறு மணி, கூடாரம் அடித்தல். சனி பதினொரு மணி, கப்பலைப் பிடித்தல், மூன்று முறை வெடிச் சத்தம் கேட்கும். ஒரு மணி, சாப்பாடு, கைதிகளுக்கும் சேர்த்து. ஞாயிறு காலை எட்டு மணி, கஞ்சி. ஞாயிறு மாலை நாலு மணி, கைதிகள் விடுதலை. நாலரை, எல்லோருக்கும் தேநீர். அந்த நாலு மணியின் கீழே பென்சிலால் ஒரு கோடு. தாள் மடிப்புகளில் கிழிகிற அளவுக்கு நைந்திருந்தது.

"எமல்டா," என்றார் அவர், மேசையைப் பார்த்துக்கொண்டு. "அங்க அடிக்கு நான் பயப்படல. பசி ஒரு மாசத்துல பழகிரும். எப்ப முடியும்னு தெரியாததுதான் என்னத் தின்னுச்சு. நாளைக்கா, அடுத்த மாசமா, முடியவே முடியாதா. காவலுக்கு நின்னவனுக்கும் தெரியாது, அவன்ட்டயே கேட்டுருக்கேன். இங்க பாரு, அச்சடிச்சிருக்கு. பிடிக்கிறவனுக்கும் தெரியும், பிடிபட்டவனுக்கும் தெரியும், வேடிக்க பாக்க வாறவனுக்கும் தெரியும். ஞாயித்துக்கெழம நாலு மணி. கேப்டனா இருக்கியான்னுதான் மொதல்ல கேட்டாங்க. நாந்தான் கைதியா இருக்கேன்னேன். முடியுத நேரம் தெரிஞ்சு ஒருக்க உள்ள இருந்து பாக்கணும். அப்பொறம் எங் கால்ல நான் நடந்து வெளிய வரணும். அன்னைக்கு என்னத் தூக்கிட்டுல்லா வந்தாங்க."

பதின்மூன்று வருஷத்தில் அவர் இதைப் பற்றி இவ்வளவு பேசியது இதுதான் முதல். எமல்டாவுக்கு ஊசியை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை, மடியில் தேடினாள், அது அவள் சட்டைத் தோளிலேயே குத்தியிருந்தது.

"இன்னொண்ணு," என்றார். "நாலு மணிக்குச் சொந்தக்காரங்க யாராவது வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணுமாம். ஹேசல், நானே வாறேன் ஸ்டான்னாங்க. வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்னேன். கேக்கத்தான் தெரியல."

விமான நிலையம். அவர் திரும்பி வந்த அன்று அவள் போயிருந்தாள், ஆன்சியின் கையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். புதுச் சட்டைக்குள் எலும்பாக ஒரு ஆள் இரண்டு பேர் தாங்க வருகிறான், கண்ணால் தேடுகிறான், அவளைத்தான் தேடுகிறான் என்று தெரிகிறது, அவளுக்குக் கால் வரவில்லை. பத்து நிமிஷம் இருக்கும். அடையாளம் தெரியலங்க என்று பிறகு சொல்லிக்கொண்டாள், அவரும் நம்பினார். அடையாளம் தெரிந்தது. நெற்றியைப் பார்த்த உடனே தெரிந்தது. அவர் முன்னால் போய் நிற்க முகமில்லை, அதுதான்.

"நான் வரக்கூடாது," என்றாள்.

"ஏன்?"

கோட்டில் இன்னும் காஜா பாக்கி இருந்தது, கை அதை எடுக்கவில்லை. சொன்னாள். "அந்த ஆகஸ்டுல. மாதா கோயில் பெருவிழா அன்னைக்கு, அத்தன கூட்டத்துல நின்னு நான் ஒண்ணு கேட்டேன். வெளிய சொல்ல முடியாதது. ஆறு மாசமாச்சு, தினமும் போனப் பாத்து, தினமும் அந்தப் பிள்ளைட்ட பொய் சொல்லி... இருக்காரா இல்லையான்னு ஒண்ணச் சொல்லிருத் தாயேன்னேன். இல்லன்னா... இல்லன்னே சொல்லிரு, நான் அழுது முடிச்சிருதேன்னேன். நீங்க செத்துட்டியன்னு சேதி வந்தாலும் போதும்னு நின்னவ நான். அங்க நீங்க உசுரோட என்ன நெனச்சிட்டு இருக்கிய. நான் இங்க..."

தனிஸ்லாஸ் மேசைமேல் கிடந்த நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு குவியலாக்கினார். வெளியே யாரோ புல் வெட்டும் மெஷின் ஓட்டினார்கள், நின்றது, மறுபடி ஓடியது.

"பெருவிழா அன்னைக்கா?"

"ம்."

"நான் நாள்க் கணக்கு வச்சிருந்தேன், சுவத்துல ஆணியால கீறி. பெருவிழா அன்னைக்குத் தேர் இந்நேரம் எந்தத் தெருவுல வரும்னு நெனச்சுக்கிட்டே படுத்திருந்தேன். காய்ச்சல். அன்னைக்கு நானும் கேட்டேன் எமல்டா. முடிச்சுவிட்டுரு, எப்படின்னாலும் சரி, அவ ஒருக்க அழுதுட்டு எந்திரிச்சிருவா, கெட்டிக்காரின்னு." நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது, உதட்டோரம் மட்டும் லேசாக இழுபட்டது. "ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஒண்ணையே கேட்டிருக்கோம். நல்லவேள, தேர்ச் சத்தத்துல மாதாவுக்குக் காதுல விழல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் உடைந்து வேறு ஒன்றாக மாறிற்று, கோட்டிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள், கம்பளி கன்னத்தில் குத்தியது, ஆட்டு வாடையும் மெழுகு வாடையும். அவர் எழுந்து வந்து அவள் பின்னால் நின்றார், தலையில் கையை வைத்தார், கை வைக்கோல் மணத்தது. விலகவும் இல்லை, அழாதே என்று சொல்லவும் இல்லை. எத்தனை நேரம் அப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை, கணக்குப் பார்க்கத் தோன்றவுமில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அலமாரியின் கீழ்த்தட்டில் சட்டைக்கு வெட்டினது போக மிச்சமிருந்த லினன் துணியை எடுத்து உதறி விரித்தாள். மூன்றரை மீட்டர் தேறும்.

"அந்தக் காலத்துப் பொம்பளைய பாவாடைக்கு எத்தன கசம் சுத்துவாளுவ?"

"கணுக்கால் வரைக்கும் வரணும்னாங்க ஹேசல். இடுப்புல நாடா."

"உள்பக்கம் மெஷின்ல அடிச்சிருவேன். ஓரம் கையால. நாளைக்கு டூட்டி, நாளான்னைக்கும் டூட்டி, வந்துதான் தைக்கணும்."

"முடியுமா? நாலு மணிக்கு."

"மூணே முக்காலுக்கே வந்துருவேன்." கத்தரியை எடுத்தாள், துணியின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி அவரிடம் நீட்டினாள். "கூட்டத்துக்கு முன்னால நிப்பேன். நீங்க தேட வேண்டியிருக்காது."